பிக்கிள்போல் துடுப்பின் தெரிவு: கையுணர்வு, வலு, கட்டுப்பாடு பற்றிய ஒரு நோக்கு

கருவிக்கும் அதனைக் கையாளும் மனிதருக்கும் இடையிலான உறவு, உழைப்புப் பற்றிய ஆய்வுகளிலே விரிவாக நோக்கப்பட்டுள்ளது. உழவரின் மண்வெட்டி, தச்சரின் உளி, நெசவாளரின் நாடா ஆகியன கையின் நீட்சியாக அமையுமாற்றைப் பலரும் எடுத்துக்காட்டியுள்ளனர். விளையாட்டுக் கருவிகளோ அத்தகைய கவனத்தைப் பெற்றமை அரிது. அவை பற்றிய எழுத்து பெரும்பாலும் விற்பனையாளரின் எழுத்தாகவே இருந்து வருகின்றது. இதனால், ஒரு கருவி எவ்வாறு தொழிற்படுகின்றது என்ற வினாவுக்குரிய விடை, அதனை வாங்குமாறு தூண்டும் குரலுடன் பிரிக்கவியலாதவாறு கலந்துவிடுகின்றது.

ஐக்கிய அமெரிக்காவிலே தோன்றி, அண்மைக்காலத்தில் அங்கு மிக விரைவாகப் பரவியுள்ள பிக்கிள்போல் என்னும் ஆட்டத்தின் துடுப்பு இதற்குத் தக்கதோர் உதாரணமாகும். கிறிக்கெற் மட்டையைத் துடுப்பு என வழங்கும் நம் நாட்டு மரபினைப் பின்பற்றி இவ்வாட்டத்தின் மட்டையையும் அவ்வாறே அழைக்கின்றோம். அமெரிக்கர் அதற்கு வழங்கும் பெயரும் தோணித் துடுப்பைக் குறிக்கும் சொல்லே என்பது சுவையான ஒற்றுமையாகும்.

இத்துடுப்பைப் பற்றிய பேச்சு முழுவதும் மூன்று சொற்களைச் சுற்றியே அமைகின்றது: கையுணர்வு, வலு, கட்டுப்பாடு. இம்மூன்றும் துடுப்பினுள்ளே பொதிந்து கிடக்கும் குணங்கள் என்பதும், கூடிய விலை கொடுப்போர் மூன்றையும் ஒருங்கே பெறலாம் என்பதும் விளம்பரங்கள் தரும் செய்தியாகும். இக்கருத்து எவ்வளவு தூரம் பொருந்தும் என ஆராய்ந்து, துடுப்பொன்றைத் தெரிவு செய்வோர் எதனை முதலிலும் எதனை இறுதியிலும் நோக்குதல் வேண்டும் என்பதை எடுத்துரைப்பதே எமது நோக்கம்.

1. ஆட்டமும் களமும்

1965 ஆம் ஆண்டின் கோடைகாலத்திலே, வோஷிங்ரன் மாநிலத்தின் சியாற்றில் நகருக்கு அண்மையிலுள்ள பெயின்பிரிட்ஜ் தீவில் இவ்வாட்டம் தோன்றியது. அவ்வேளை மாநிலச் சட்டசபை உறுப்பினராயிருந்தவரும், பின்னர் 1973 முதல் 1985 வரை அமெரிக்கக் காங்கிரசிலே அங்கம் வகித்தவருமான ஜோயல் பிறிச்சார்ட், அவருடைய நண்பர் பில் பெல் ஆகிய இருவரும் குடும்பத்தாரின் பொழுதுபோக்கிற்காகப் பழைய பட்மின்ரன் களமொன்றில் ஆட முற்பட்டனர். பட்மின்ரனுக்குரிய உபகரணங்கள் முழுமையாகக் கிடைக்கவில்லை. கைக்கெட்டிய மேசைப்பந்து மட்டைகளையும் துளையிட்ட பிளாஸ்ரிக் பந்தொன்றையும் கொண்டு அவர்கள் ஆடினர். முதலில் 60 அங்குல உயரத்தில் நின்ற வலை, பந்து தரையிலிருந்து நன்கு எழுந்தமையால் 36 அங்குலத்துக்குத் தாழ்த்தப்பட்டது. அடுத்து வந்து சேர்ந்த பார்ணி மக்கலம் என்ற நண்பருடன் கூடி விதிகள் வகுக்கப்பட்டன. கைக்குக் கிடைத்தவற்றைக் கொண்டு, முதியோரும் சிறுவரும் ஒருங்கே ஆடத்தக்கதாக அமைந்த ஆட்டம் என்பது அதன் தோற்றத்திலேயே பதிந்துள்ள இயல்பாகும்.

துடுப்பைப் பற்றி ஆராயுமுன் களத்தின் அளவுகளை மனங்கொள்ளல் அவசியம். களம் 44 அடி நீளமும் 20 அடி அகலமும் உடையது. வலை ஓரங்களில் 36 அங்குலமும் நடுவில் 34 அங்குலமும் உயரமானது. வலையின் இருமருங்கும் 7 அடி அகலமான பகுதியொன்று உண்டு. அதனுள் நின்றுகொண்டு, பந்து நிலத்தைத் தொடுமுன் அதனை அடித்தல் ஆகாது. ஆட்டக்காரர் இதனைச் ‘சமையலறை’ என்பர். மேலும், தொடக்க அடியும் அதற்கு மறுமொழியாக வரும் அடியும் நிலத்தில் ஒருமுறை பட்ட பின்னரே அடிக்கப்படுதல் வேண்டும். இவ்விரு விதிகளும் வலையருகே நின்று பந்தை ஓங்கி அடித்து முடிக்கும் வாய்ப்பை வெகுவாகக் குறைக்கின்றன. எனவே, பந்தை எதிர்த்தரப்பின் சமையலறையினுள் மெல்ல இறக்கும் திறனே ஆட்டத்தின் மையமாகின்றது.

இன்னொரு கணிப்பையும் நோக்கலாம். இருதரப்பாரும் தத்தம் சமையலறைக் கோட்டருகே நிற்கும்போது அவர்களுக்கிடையிலான தூரம் 14 அடி, அதாவது ஏறத்தாழ 4.27 மீற்றர். மணிக்கு 64 கிலோமீற்றர் வேகத்தில் அடிக்கப்படும் பந்து, காற்றின் தடையைக் கணக்கில் எடாவிடின், அத்தூரத்தை 0.24 விநாடியிற் கடக்கும். கண்ணாற் கண்ட ஒன்றுக்குக் கை அசையத் தொடங்குவதற்கே ஏறத்தாழ 0.2 விநாடி வேண்டும். ஆகவே, வலு என்பதற்குக் களத்தின் அளவே ஓர் எல்லையை இட்டுள்ளது. அவ்வெல்லையைத் தாண்டும் வலு ஆட்டத்தை வளர்ப்பதில்லை. அதனைத் தற்செயலின் கையில் ஒப்படைக்கின்றது.

2. ஒட்டுப்பலகையிலிருந்து காபன் நார் வரை

இவ்வாட்டத்துக்கென அமைந்த முதலாவது துடுப்புகளை மக்கலம் தம் மரவேலைக் கூடத்தில் ஒட்டுப்பலகையைக் கொண்டு வெட்டியெடுத்தார். உபகரணங்களை விற்பதற்கான நிறுவனமொன்று 1972 இல் அமைக்கப்பட்டது. பெரும் மாற்றம் 1984 இல் நிகழ்ந்தது. போயிங் விமான நிறுவனத்திலே பொறியியலாளராயிருந்த ஆர்லன் பரன்ரோ என்பவர், விமானங்களின் தளம் முதலியவற்றுக்குப் பயன்படுத்தப்பட்ட கண்ணாடி நார், நோமெக்ஸ் தேன்வதைப் பலகைகளைக் கொண்டு துடுப்புகளைச் செய்தார். பாரமற்றதும் விறைப்பானதுமான பலகை, பயணிகளின் நடையைத் தாங்கும் பணியிலிருந்து பந்தைத் திருப்பியனுப்பும் பணிக்கு மாறியது.

இன்றைய துடுப்பின் அடிப்படை அமைப்பும் அதுவே. இரு மெல்லிய முகத்தகடுகளுக்கு இடையிலே அறைகளால் ஆகிய தேன்வதை உள்ளகம் அமைந்திருக்கும். உள்ளகம் பெரும்பாலும் பொலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்ரிக்கினால் ஆனது. முகத்தகடு கண்ணாடி நாராகவோ காபன் நாராகவோ இருக்கும். கண்ணாடி நார் கூடுதலாக நெகிழ்ந்து பந்தைத் துள்ளலுடன் அனுப்பும். காபன் நார் விறைப்பானது. அதன் துள்ளல் அடக்கமானது. பூச்சிடாத காபன் முகத்தின் சொரசொரப்பு பந்துக்குச் சுழற்சியை ஊட்ட உதவும். ஆயின், அச்சொரசொரப்பு பாவனையிலே தேய்ந்து போவது. புதிய துடுப்பில் வியப்பூட்டிய சுழற்சி சில மாதங்களிற் குறைந்துவிட்டால், தம் திறன் குன்றியதெனக் கருதவேண்டியதில்லை. தேய்ந்தது முகமே.

உள்ளகத்தின் தடிமன் பொதுவாக 13 அல்லது 14 மில்லிமீற்றராகவோ 16 மில்லிமீற்றராகவோ இருக்கும். மெல்லியது வலுவுக்கும் தடித்தது கட்டுப்பாட்டுக்கும் உரியதெனக் கடைகளில் கூறப்படும். இக்கூற்றுக்கு அடிப்படை உண்டு. இத்தகைய மூன்றடுக்குப் பலகையின் வளைவெதிர்ப்பு, முகத்தகடுகள் ஒரே தன்மையனவாயின், ஏறத்தாழ உள்ளகத் தடிமனின் வர்க்கத்துக்கு விகிதசமமானது. 13 இலிருந்து 16 ஆகத் தடிமன் கூடும்போது வளைவெதிர்ப்பு ஒன்றரை மடங்காகின்றது. மெல்லிய பலகை பந்து பட்டவுடன் வளைந்து மீண்டெழுந்து பந்தை உந்துகின்றது. தடித்த பலகை அவ்வளவு வளையாது நிலைத்து நிற்கின்றது. வளையும் பலகை தான் பெற்ற சத்தியின் பெரும்பகுதியைப் பந்துக்கு மீளக் கொடுக்கும். வளையாத பலகையிலே பந்துதான் கூடுதலாக நசுங்கும். நசுங்கும் பிளாஸ்ரிக் பந்தோ தான் பெற்ற சத்தியிற் கணிசமான பகுதியை இழந்துவிடும்.

துடுப்பின் வடிவத்தை விதி ஒரு சுவையான முறையிலே கட்டுப்படுத்துகின்றது. நீளமும் அகலமும் சேர்ந்து 24 அங்குலத்தை மேவலாகாது. நீளம் மட்டும் 17 அங்குலத்தை மேவலாகாது. நிறைக்கு எல்லையில்லை. எனவே நீளத்தைக் கூட்ட விரும்புவோர் அகலத்தை இழத்தல் வேண்டும். 16 அங்குல நீளமும் 8 அங்குல அகலமும் உடைய அகன்ற துடுப்பும், 16.5 அங்குல நீளமும் 7.5 அங்குல அகலமும் உடைய நீண்ட துடுப்பும் இவ்வாறு எழுந்தவையே. எட்டும் தூரத்தையும் வீச்சின் வேகத்தையும் முன்னது சிறிது இழக்கின்றது. தவறிப்படும் பந்தைப் பொறுக்கும் தன்மையைப் பின்னது சிறிது இழக்கின்றது. இரண்டையும் ஒருங்கே தரும் துடுப்பு விதிப்படி அமைய முடியாது. எல்லாம் தருவதாகக் கூறும் விளம்பரத்துக்கு முதலாவது மறுப்பு இதுவாகும்.

3. வலு என்பது யாது?

பந்தொன்று துடுப்பிலிருந்து மீளும் வேகம் இரு மூலங்களிலிருந்து வருகின்றது. ஒன்று, வந்த பந்தின் வேகத்திலிருந்து திருப்பிக் கொடுக்கப்படும் பங்கு. மற்றையது, கையின் வீச்சு தரும் வேகம். துடுப்பின் துள்ளலைக் குறிக்கும் மீளமைவுக் குணகத்தை ‘கு’ எனக் கொண்டால், மீளும் வேகம் என்பது, வந்த வேகத்தின் ‘கு’ பங்கும், வீச்சு வேகத்தின் ‘ஒன்றுடன் கு’ மடங்கும் சேர்ந்த தொகையாகும். துடுப்பின் திணிவும், பந்து படும் இடமும் இக்குணகத்தை மாற்றும். எனினும், விளக்கத்தின்பொருட்டு அதனை மாறாததாகக் கொள்வோம்.

இரு துடுப்புகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றின் குணகம் 0.40, மற்றையதன் குணகம் 0.44. அதாவது இரண்டாவது துடுப்பு பத்து வீதம் கூடிய துள்ளல் உடையது. விநாடிக்கு 10 மீற்றர் வேகத்தில் வரும் பந்தை, விநாடிக்கு 15 மீற்றர் வேக வீச்சினால் ஒருவர் ஓங்கி அடிக்கின்றார் எனக் கொண்டால், முதலாவது துடுப்பில் பந்து விநாடிக்கு 25 மீற்றர் வேகத்தில் மீளும். இரண்டாவதில் 26 மீற்றர் வேகத்தில் மீளும். ஆதாயம் நான்கு வீதம் மட்டுமே. இனி, அதே பந்தைத் துடுப்பை அசையாது பிடித்துத் தடுக்கின்றார் எனக் கொள்வோம். முதலாவதில் 4 மீற்றர், இரண்டாவதில் 4.4 மீற்றர். வேறுபாடு பத்து வீதமாகின்றது. மெல்ல எழுந்து விழும் பந்து செல்லும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால், பந்து ஐந்திலொரு பங்கு கூடுதலான தூரம் சென்று விழும். சமையலறையினுள் இறங்கவேண்டிய பந்து, எதிராளியின் துடுப்புக்கு எட்டும் உயரத்திலே மிதந்து செல்வதற்கு இவ்வேறுபாடு போதுமானது.

இதிலிருந்து பெறப்படும் முடிவு கவனத்துக்குரியது. துள்ளல் மிகுந்த துடுப்பு, வலுவான அடிக்குச் செய்யும் உதவி சிறிது. மென்மையான அடிக்கு விளைக்கும் இடர் பெரிது. ஓங்கி அடிக்கும் வேகத்தின் பெரும்பகுதி தோளும் இடுப்பும் மணிக்கட்டும் ஒருங்கியைந்த வீச்சிலிருந்து பிறப்பதாகும். அதனைப் பயிற்சியினாற் பெறலாம். துடுப்பின் துள்ளலோ வேண்டாத வேளையிலும் உடனிருப்பது. அதனை அணைத்துவைக்க முடியாது.

எனினும் இதன் மறுபக்கத்தை நாம் மறைத்தலாகாது. வலையருகே இருதரப்பாரும் விரைந்து பந்தைக் குத்திக்கொள்ளும் வேளையில் வீச்சுக்கு இடமில்லை. வரும் பந்து விநாடிக்கு 15 மீற்றர் வேகமும் கையின் வீச்சு 3 மீற்றர் வேகமும் உடையனவாயின், மேற்கண்ட இரு துடுப்புகளும் முறையே 10.2, 10.9 மீற்றர் வேகங்களைத் தரும். இங்கே ஆதாயம் ஏழு வீதமாக உயர்கின்றது. கைவிரைவும் மென்மையும் ஏற்கெனவே வாய்க்கப்பெற்ற தேர்ந்த ஆட்டக்காரர் துள்ளல் மிகுந்த துடுப்பை நாடுவதற்கு இது நியாயமான காரணமாகும். தோள்வலி போன்ற காரணங்களால் முழு வீச்சு இயலாதவருக்கும் சிறிதளவு துள்ளல் உதவக்கூடும். ஆயின், தேர்ந்தோருக்குப் பொருந்தும் காரணத்தைக் காட்டித் தொடக்கநிலையாளருக்கு அதே துடுப்பை விற்பது நியாயமாகாது.

வலுவின் இன்னொரு கூறு, நிறை எங்கே அமைந்துள்ளது என்பதாகும். துடுப்பின் மொத்த நிறை பெரும்பாலும் 7.3 முதல் 8.5 அவுன்ஸ் வரையில் அமையும். ஆயின், ஒரே நிறையுடைய இரு துடுப்புகள் கையில் முற்றிலும் வேறாகத் தோன்றலாம். சடத்துவத் திருப்பம், திணிவையும் அது சுழலச்சிலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கத்தையும் சார்ந்தது. பிடியின் அடியிலிருந்து 5 சென்ரிமீற்றர் தூரத்திலே சுழலச்சு இருப்பதாகக் கொள்வது வழக்கம். பத்துக் கிராம் ஈயப்பட்டியொன்றைத் துடுப்பின் நுனியிலே, அச்சிலிருந்து 36 சென்ரிமீற்றர் தூரத்தில் ஒட்டினால், சடத்துவத் திருப்பம் 13 கிலோகிராம் சதுர சென்ரிமீற்றர் அளவிற் கூடும். அதே பட்டியைப் பிடியின் மேற்புறத்தில், 13 சென்ரிமீற்றர் தூரத்தில் ஒட்டினால், கூடுவது 1.7 மட்டுமே. நிறைகாட்டும் தராசு இரண்டையும் ஒன்றெனவே சொல்லும். கையோ ஏறத்தாழ எட்டு மடங்கு வேறுபாட்டை உணரும். பெட்டியில் அச்சிட்ட நிறையை மட்டும் பார்த்து வாங்குவோர் ஏமாறும் இடம் இதுவே.

4. கட்டுப்பாடு

கட்டுப்பாடு என்பதனைப் பலர் வலுவின் இன்மை எனக் கொள்வர். அது பொருந்தாது. கருதிய இடத்துக்கும் பந்து சென்ற இடத்துக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு சிறிதாய் இருக்கின்றது என்பதே கட்டுப்பாட்டின் அளவாகும்.

அசையாது நிற்கும் கண்ணாடியை ஒரு பாகை திருப்பினால் தெறிக்கும் ஒளி இரு பாகை திரும்பும் என்பது பள்ளிப் பௌதிகம். துடுப்பிற் பட்டு மீளும் பந்து ஒளியைப் போன்று அவ்வளவு ஒழுங்காக நடவாதெனினும், துடுப்பு முகத்தின் சிறு திருகல் பந்தின் திசையிலே பெருகித் தோன்றும் என்பது உண்மையே. இரு பாகைத் திசைமாற்றம், சமையலறைக் கோட்டிலிருந்து 7 அடி தூரத்திலுள்ள வலையை அடையும்போது 7 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட விலகலாகின்றது. நல்ல மெல்லடிக்கும் வலையிற் சிக்கிய பந்துக்கும் இடையிலான வேறுபாடு பல வேளைகளில் அவ்வளவே.

துடுப்பு ஏன் திருகுகின்றது? பந்து நடுக்கோட்டிலிருந்து விலகிப் படுவதனால் ஆகும். அத்திருகலை எதிர்ப்பது, நீளவச்சைச் சுற்றிய சடத்துவத் திருப்பம். அகன்ற துடுப்பில் இது இயல்பாகவே கூடியது. ஒடுங்கிய துடுப்பிலோ இரு பக்க ஓரங்களிலும் ஐந்தைந்து கிராம் ஈயப்பட்டியை ஒட்டுவதன்மூலம் இதனை உயர்த்தலாம். ஓரம் நடுக்கோட்டிலிருந்து 9.5 சென்ரிமீற்றர் தூரத்தில் உள்ளதாயின், கிடைக்கும் அதிகரிப்பு ஏறத்தாழ 0.9 அலகு. துடுப்புகளின் இவ்வளவு பெரும்பாலும் 5 இலிருந்து 7.5 அலகு வரை அமைவதால், இது சிறிய மாற்றமன்று. விலையுயர்ந்த புதிய துடுப்பை நாடுமுன், கையிலுள்ள துடுப்பிலே சிறு செலவில் இவ்வாறு பரிசோதித்துப் பார்த்தல் அறிவுடைமையாகும்.

5. கையுணர்வு

மூன்றிலும் விளக்குதற்கு அரியது கையுணர்வு. அதனாலேயே விளம்பரக்காரருக்கு மிகவும் உவப்பானதும் அதுவாக இருக்கின்றது. அளக்கவியலாத ஒன்றைப் பற்றி எதனையும் கூறலாம் அன்றோ?

பந்து துடுப்பைத் தொட்டுநிற்பது சில மில்லி விநாடிகள் மாத்திரமே. அத்தொடுகையினால் எழும் அதிர்வு கையை அடைந்து, மூளை அதனை உணர்ந்து, தசைக்கு ஆணையிடுவதற்கு ஒரு விநாடியின் பத்திலொரு பங்குக்கு மேற்பட்ட நேரம் வேண்டும். அதற்குள் பந்து துடுப்பை விட்டு நெடுந்தூரம் சென்றிருக்கும். எனவே, ‘பந்தை உணர்ந்து அடித்தேன்’ என ஆட்டக்காரர் கூறுவது சொல்லளவிலே பிழையாகும். அவர் உணர்ந்தது நடந்து முடிந்த அடியை.

அவ்வாறாயின் கையுணர்வு வெறும் மாயையா? அல்ல. அது அடுத்த அடிக்கான அறிவு. ஒவ்வொரு அடியும் எங்கே பட்டது, எவ்வளவு விசையுடன் பட்டது என்ற செய்தியைக் கைக்கு அனுப்புகின்றது. கண் அப்பந்து சென்று விழுந்த இடத்தைக் காண்கின்றது. இவ்விரு செய்திகளும் நூற்றுக்கணக்கான தடவை இணைந்து இணைந்து கையிலே ஓர் அறிவாகப் படிகின்றன. நல்ல கையுணர்வு உடைய துடுப்பு என்பது, நடுவிற் பட்ட பந்தையும் ஓரத்திற் பட்ட பந்தையும் தெளிவாக வேறுபடுத்திக் காட்டும் துடுப்பேயாம். அதிர்வு முழுவதையும் விழுங்கிவிடும் துடுப்பு இதமாக இருக்கலாம். ஆயின் அது ஆட்டக்காரருக்கு எதனையும் கற்பிக்காது. அதிர்வு முழுவதையும் அப்படியே கைக்குக் கடத்தும் துடுப்போ கையைச் சோர்வடையச் செய்யும். இரண்டுக்கும் இடைப்பட்டதே வேண்டுவது. அவ்விடைநிலை கைக்குக் கை வேறுபடும் என்பதனாலேயே பிறர் தரும் புகழுரை இவ்விடயத்திற் பயனற்றதாகின்றது.

ஒலியும் கையுணர்வின் ஒரு பகுதியே. கூரிய ஒலி எழுப்பும் துடுப்பை வலு மிகுந்ததென நாம் எண்ணிவிடுகின்றோம். பிக்கிள்போல் துடுப்பின் ஒலி, 1000 ஹேற்ஸை அண்டியும் அதற்குச் சற்று மேற்பட்டும் உள்ள மீடிறன்களிலே செறிந்திருக்கின்றது. அது மனிதச் செவிக்கு நன்கு புலப்படும் எல்லை. அமெரிக்க நகரங்கள் பலவற்றிலே களங்களுக்கு அயலில் வாழ்வோர் இவ்வொலியை எதிர்த்து முறையிட்டுள்ளனர். ஆட்டத்தை நெறிப்படுத்தும் யூ.எஸ்.ஏ. பிக்கிள்போல் என்ற தேசிய அமைப்பு 2023 இல் ஒலி குறைந்த உபகரணங்களுக்கெனத் தனி வகையொன்றை ஏற்படுத்தியது. ஒருவரின் கையுணர்வு அவருக்கு மட்டும் உரிய தனிவிடயமன்று, அயலவரின் அமைதியையும் தொடுவது என்பதற்கு இது சான்றாகும்.

6. தெரிவின் ஒழுங்கு

இதுவரை கூறியவற்றின் அடிப்படையில், தெரிவு செய்வோர் பின்பற்றத்தக்க ஓர் ஒழுங்கினை முன்வைக்கலாம்.

முதலாவதாக நோக்கவேண்டியது பிடி. துடுப்பைப் பிடித்த நிலையிலே, விரல் நுனிகளுக்கும் உள்ளங்கைக்கும் இடையில் மற்றக் கையின் சுட்டுவிரல் நுழையுமாயின் பிடியின் சுற்றளவு பொருத்தமானது. பெரும்பாலான பிடிகள் 4 முதல் 4.5 அங்குலம் வரை சுற்றளவு உடையன. ஐயமிருப்பின் சிறியதையே தெரிதல் நன்று. மேலே பட்டி சுற்றிப் பெருப்பிக்கலாம். பெரிய பிடியைச் சிறுப்பித்தல் கடினம். பொருந்தாத பிடி கையை இறுக வைக்கும். இறுகிய கை முன்கைத் தசைகளைச் சோர்வடையச் செய்யும், மென்மையையும் இழக்கும். இரு கைகளாலும் பின்புற அடி அடிப்போர் ஐந்து அங்குலத்துக்கு மேற்பட்ட நீளமான பிடியை நாடுதல் வேண்டும்.

இரண்டாவதாக நிறையும் அதன் பரம்பலும். துடுப்பை வலையருகே ஏந்தும் நிலையிற் பிடித்து, முன்புறமும் பின்புறமும் விரைந்து மாற்றிப் பார்த்தால், நுனிப்பாரம் கையைப் பின்னிழுக்கின்றதா என்பது தெரியவரும். சில நிமிடங்களில் இதமாகத் தோன்றும் நிறை, ஒரு மணித்தியால ஆட்டத்தின் முடிவிலே சுமையாகலாம். ஆகவே களைத்த கையே சிறந்த நீதிபதி.

மூன்றாவதாகக் கட்டுப்பாடு. இதனைக் கடையின் நடுவிலே அறிய முடியாது. களத்தில் மூன்று பரிசோதனைகளைச் செய்தல் வேண்டும். விரைந்து வரும் இருபது பந்துகளைத் துடுப்பை அசைக்காது தடுத்து, எத்தனை சமையலறையினுள் விழுகின்றன என எண்ணுதல் ஒன்று. பின்கோட்டிலிருந்து இருபது பந்துகளை மெல்ல உயர்த்தி அதே பகுதியில் இறக்குதல் இரண்டு. வேண்டுமென்றே முகத்தின் ஓரத்திலே பந்தைப் படவைத்து, துடுப்பு எவ்வளவு திருகுகின்றது என நோக்குதல் மூன்று. பழைய துடுப்பினால் முதலிலும் புதியதனால் அடுத்தும் இவற்றைச் செய்து எண்ணிக்கைகளை ஒப்பிடுதல் வேண்டும். மீண்டும் பழையதனால் ஒருமுறை செய்தால் பயிற்சியினால் வந்த முன்னேற்றத்தைத் துடுப்பின் சிறப்பெனக் கொள்ளும் பிழை நீங்கும்.

நான்காவதாகக் கையுணர்வு. இயலுமாயின், விலையும் பெயரும் அறியாத நிலையிலே துடுப்பை ஆடிப்பார்த்தல் நன்று. உற்பத்திப் பெயரை ஒரு துண்டுத் தாளால் மறைத்துவிடலாம். விலையை அறிந்த கை நேர்மையாக உணர்வதில்லை.

வலு இறுதியிலேயே வருதல் வேண்டும். மேற்கூறிய நான்கிலும் சமமாக நிற்கும் இரு துடுப்புகளிடையே, வலுக் கூடியதைத் தெரிவதில் தவறில்லை. அதனை முதலாவதாக வைத்துத் தெரிவோர், தம் வீச்சின் குறையை மறைப்பதற்காகத் தம் மென்மையை விலையாகக் கொடுக்கின்றனர்.

7. முடிவாக

இவ்வாட்டத்தின் உபகரணச் சந்தை கடந்த சில ஆண்டுகளாக வலுவின் திசையிலேயே ஓடிக்கொண்டிருக்கின்றது. இருநூறு டொலருக்கு மேல் விலையுடைய துடுப்புகள் சாதாரணமாகிவிட்டன. ஆண்டுக்கொரு புதிய ‘தலைமுறை’ அறிவிக்கப்பட்டு, சென்ற ஆண்டின் துடுப்பு பழையதாக்கப்படுகின்றது. பாவனையின்போது உள்ளகம் நொறுங்கியோ முகம் உள்ளகத்திலிருந்து கழன்றோ, அனுமதிக்கப்பட்ட அளவிலும் கூடிய துள்ளலைப் பெற்றுவிடும் துடுப்புகளும் உண்டு. யூ.எஸ்.ஏ. பிக்கிள்போல் அமைப்பு 2024 இல் துடுப்புக்கும் பந்துக்கும் இடையிலான மீளமைவுக் குணகத்தை அளக்கும் சோதனையை அறிமுகப்படுத்தியமை, இவ்வோட்டத்துக்குக் கடிவாளம் இடவேண்டிய தேவை எழுந்துவிட்டதைக் காட்டுகின்றது.

இங்கே நாம் கவலைகொள்ள வேண்டியது, ஒருவர் பணத்தை வீணாக்குகின்றார் என்பதைப் பற்றி மட்டுமன்று. இவ்வாட்டத்தின் உண்மையான பெறுமதி, எழுபது வயதுப் பாட்டியும் அவருடைய பேரனும் ஒரே களத்தில் எதிரெதிரே நின்று ஆடலாம் என்பதிலே தங்கியுள்ளது. சிறிய களமும், துளையிட்ட மெல்லிய பந்தும், சமையலறை விதியும் சேர்ந்து அச்சமத்துவத்தைக் காத்து நிற்கின்றன. வலையருகே நிற்கும் முதியவருக்கு இருக்கும் அந்த 0.24 விநாடியைத் துடுப்பின் துள்ளல் மேலும் குறைக்குமாயின், முதலில் களத்தைவிட்டு விலகுபவர் அவரே. துடுப்பின் பரிமாற்றப் பெறுமதி உயர உயர, ஆட்டத்தின் பயன்பெறுமதி இவ்வாறு அரிக்கப்படுகின்றது.

அமெரிக்கப் பொதுப் பூங்காக்களிலே ஒரு வழக்கம் உண்டு. ஆடக் காத்திருப்போர் தத்தம் துடுப்புகளைக் களத்தருகேயுள்ள தட்டொன்றில் வரிசையாக வைப்பர். துடுப்பின் வரிசையே ஆட்டத்துக்கான முறை. அத்தட்டிலே பழைய ஒட்டுப்பலகையும் புதிய காபன் நாரும் அருகருகே நிற்கும். விலை எதுவாயினும் முன்னர் வைக்கப்பட்டதற்கே முதலிடம். துடுப்பைத் தெரிவு செய்வோர், தாம் வாங்கவிருக்கும் கருவியும் அத்தகைய வரிசையொன்றிலேயே சென்று நிற்கப்போகின்றது என்பதை நினைவிற் கொள்வாராயின், வலுவைத் துடுப்பிலே தேடாமல் தம் கைப்பயிற்சியிலே தேடுவர். ஆடுவோரும் எதிரில் நிற்போரும் அதனாற் பயன்பெறுவர்.